பாதி உயிருள்ள இயந்திரம்

வானத்திலே விமானத்தைத் தாங்குவது இயந்திரம் அன்று, இறக்கைகளே. இறக்கைகளைத் தழுவி ஓடுங் காற்றே அதன் பாரத்தைச் சுமக்கின்றது. அதற்கு வேண்டிய வேகத்தை ஈட்டித் தருவது மாத்திரமே இயந்திரத்தின் ஊழியம். ஆதி விமானிகள் இவ்வுண்மையை உயிரை விலையாகக் கொடுத்தே கற்றனர். அவர்களுள் வில்பிரட் பார்க் என்னும் ஆங்கிலேயக் கடற்படை லெப்ரினன்றின் கதை விசித்திரமானது.

1912ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சோல்ஸ்பரிச் சமவெளியில் இராணுவ விமானப் போட்டி நடைபெற்றது. 25ஆந் திகதி, மூன்று மணி நேரப் பறப்பை முடித்து வட்டமிட்டு இறங்குகையில், பார்க்கின் அவ்ரோ விமானம் நிலைகுலைந்து பம்பரமெனச் சுழன்று வீழலாயிற்று. அக்காலத்தில் அவ்வாறு வீழ்ந்தோர் மீள்வது மிக அரிது. வழக்கமான உபாயங்கள் பலிக்கவில்லை. ஈற்றில் அவர் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்புறமாக முற்றாகத் திருப்பினார். தரைக்கு ஏறக்குறைய 50 அடி உயரத்தில் விமானம் நிமிர்ந்தது. 'பார்க்கின் பாய்ச்சல்' என அச்சம்பவம் விமானிகளிடையே புகழ்பெற்றது.

நான்கு மாதங்கூட நிறையவில்லை. டிசெம்பர் 15ஆந் திகதி, ஹான்ட்லி பேஜ் நிறுவனத்தின் ஒற்றை இறக்கைத் தட்டு விமானமொன்றில், ஒருவரை உடனேற்றிக்கொண்டு, ஹென்டனிலிருந்து ஒக்ஸ்போர்ட் நோக்கிப் புறப்பட்டார். சில மைல் செல்லுமுன் இயந்திரத்தின் வலு குன்றிற்று. முற்றாக நின்றுவிடவில்லை, பாதி உயிருடன் ஓடியது. தாழ்ந்த உயரத்திலே அவர் திரும்ப முற்பட்டபோது விமானம் வேகமிழந்து வெம்பிளியில் வீழ்ந்தது. இருவரும் மாண்டனர்.

சுழற்சியை வென்றவரைத் திருப்பம் ஏன் கொன்றது? வலு குன்றியதும் மூக்கைத் தாழ்த்தினாலன்றி வேகம் நிலையாது. திரும்புவதற்கோ விமானத்தைச் சரிக்கவேண்டும். 45 பாகை சரிவில், வீழாதிருப்பதற்கு வேண்டிய மிகக்குறைந்த வேகம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூடிவிடுகின்றது. காற்றைப் பின்னாக்கித் திரும்பும்போது தரை விரைந்தோடுவதாகத் தோன்றும். வேகம் மிகுந்ததென மயங்கும் விமானி மூக்கை உயர்த்துவான். புறப்பட்ட ஓடுபாதைக்கு மீள அரைவட்டமும் போதாது. பக்கவாட்டில் விலகிய தூரத்தையும் ஈடுசெய்யவேண்டும். உயரமோ கைவசம் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலானது ஆசை. இயந்திரம் அடியோடு நின்றால் விமானி முன்னே தெரியும் வயலையோ வெளியையோ நாடுகிறான். பாதி ஓடினால், ஓடுபாதைக்கே போய்விடலாமென எண்ணுகிறான். அவுஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2000 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்தது. ஒற்றை இயந்திர விமானங்கள் எழும்பியதும் வலு குன்றிய 242 நிகழ்ச்சிகளுள் ஒன்பதில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. இயந்திரம் முற்றாக நின்ற 75 நிகழ்ச்சிகளில் ஒருவரேனும் இறக்கவில்லை! எண்ணிப் பார்த்தால் தலைகீழான கணக்குத்தான்.

ஆதலினாலேயே இன்றைய ஆசிரியர்கள் இத்தீர்மானத்தை ஆகாயத்துக்கு ஒத்திவைப்பதில்லை. 'இன்ன உயரத்துக்குக் கீழே திரும்புவதில்லை. இன்ன திசையில் உள்ள வெளியில் இறங்குவது' என்று, ஓடுபாதையின் தலைப்பில் விமானம் நிற்கும்போதே, மாணவன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுமாறு பழக்குகின்றனர்.