'ஃபத்தீக்கா' என்னும் சொல்: குரல் சோர்வு வினாநிரலும் இத்தாலிய மொழியும்

தொழிலால் குரலுக்கு நேரும் கேட்டைப் பற்றிய மருத்துவச் சிந்தனை, இத்தாலிய மண்ணில் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவாகியுள்ளது. மருத்துவப் பேராசிரியரான பெர்னார்தினோ ரமாத்சீனி, தொழிலாளர் நோய்கள் குறித்து 1700இல் மோடெனாவில் இலத்தீனில் வெளியிட்ட நூலில் பாடகர்களுக்கும் குரல் பயிற்றுவிப்போருக்கும் ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு நோயாளி செய்யும் தொழில் எது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நோயை அறியும் கருவியாகக் கேள்வியையே கொண்ட அந்த அணுகுமுறை, 1854இல் பாரிஸில் மானுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர் சிறு கண்ணாடியின் துணையால் தம் குரல்வளையைத் தாமே கண்ட பிறகு பின்னுக்குப் போனது. கேட்டு அறிவதைவிடப் பார்த்து அறிவதே நம்பத்தக்கது என்ற எண்ணம் வலுத்தது.

ஆனால் குரல் சோர்வு, அதாவது பேசப் பேசக் குரல் தளர்ந்து, பேசுவதற்கே கூடுதல் முயற்சி தேவைப்படும் நிலை, பல வேளைகளில் கண்ணுக்குச் சிக்குவதில்லை. குரல்நாண்களில் புண்ணோ கட்டியோ இல்லாத ஓர் ஆசிரியை மாலையில் வாய் திறக்கவே தயங்கலாம். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஆசிரியர்களுள் 57.7 விழுக்காட்டினரும் பிறருள் 28.8 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் கோளாற்றுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். தூரின் நகரத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த அளவீடுகளைப் போல, ஆசிரியரின் குரல் நாளெல்லாம் சுமக்கும் பளுவைக் கருவியால் கணக்கிட முடியும். அந்தப் பளு அவருக்கு எப்படி உறைக்கிறது என்பதை அவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

இவ்வாறு கேட்கும் முறைக்கு 1997இல் வெளியான, 30 கூற்றுகள் கொண்ட குரல் இடர்ச் சுட்டெண் உறுதியான வடிவம் தந்தது. 2010இல் அதன் ஏற்புடைமை சோதிக்கப்பட்ட இத்தாலிய வடிவம் வெளிவந்தது. எனினும் அது குரல் கோளாற்றால் அன்றாட வாழ்வில் வரும் தடைகளை அளப்பதேயன்றிச் சோர்வைத் தனித்துப் பிரிப்பதன்று. அக்குறையை நிரப்பச் சாயா நஞ்சுண்டேஸ்வரன் குழுவினர் 2015இல் குரல் சோர்வுச் சுட்டெண்ணை வெளியிட்டனர். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் பெறும் அதன் 19 கூற்றுகளுள் 11 குரல் தளர்ச்சியையும் பேச்சைத் தவிர்ப்பதையும், 5 தொண்டையின் உடல்சார் வேதனையையும், 3 ஓய்வால் கிடைக்கும் தேறுதலையும் பற்றியவை. முதல் இரு பகுதிகளில் மதிப்பெண் உயர்ந்தால் கேடு. மூன்றாவதில் தாழ்ந்தால்தான் கேடு. ஓய்வெடுத்தும் தேறாத குரலே கூடுதல் கவனத்துக்குரியது என்பது இதன் உட்பொருள்.

இத்தகைய வினாநிரலை வேற்றுமொழிக்குத் தகவமைப்பதற்கு 2000இல் வகுக்கப்பட்ட நெறிமுறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்ததை ஒன்றாக்கி, மூலத்தை அறியாதவர்களைக் கொண்டு அதை மூலமொழிக்குத் திருப்பி, வல்லுநர் குழு ஒப்புநோக்கிய பிறகு, சிறு எண்ணிக்கையினரிடம் கொடுத்துப் பார்ப்பது அதன் வரிசை. இத்தாலியத்தில் சிக்கல் தலைப்பிலேயே தொடங்குகிறது. ஆங்கிலம் இலத்தீன் வேரிலிருந்து பெற்ற சோர்வுச் சொல்லின் உறவுச்சொல்லான 'ஃபத்தீக்கா', இத்தாலியத்தில் களைப்பை மட்டுமன்றி அதற்குக் காரணமான உழைப்பையும் சிரமத்தையும் குறிக்கும். நேப்பிள்ஸ் பேச்சுவழக்கில் அதன் வினைவடிவத்துக்கு வேலை செய்தல் என்பதே பொருள். ஆகவே முயற்சியைக் கேட்கும் கூற்றுக்கும் தளர்ச்சியைக் கேட்கும் கூற்றுக்கும் இச்சொல்லையே இட்டால், மூலம் பிரித்து வைத்த இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும். களைப்புக்கு 'ஸ்தாங்கெத்சா', சோர்வுறும் போக்குக்கு 'அஃபத்திகமெந்தோ', வலிந்த முயற்சிக்கு 'ஸ்ஃபோர்ட்சோ' என வேறு சொற்கள் இருப்பதால் பிரிவினையைக் காக்க வழியுண்டு. வேதனையைக் குறிப்பதில் நுட்பம் இன்னும் கூடுகிறது: 'திசாஜோ' என்ற சொல் மனச்சங்கடத்தின் பக்கமும் சாய்வதால், தொண்டை உறுத்தலைச் சொல்ல 'ஃபஸ்தீதியோ' பொருத்தமாகத் தோன்றுகிறது. குரலைக் குறிக்கும் 'வோச்சே' பெண்பாற் சொல்லாகையால் குரல் களைத்தது என எழுதுவதில் தடையில்லை. ஆனால் களைத்தவர் பேசுபவர் என்றால், பெயரடை ஆண்பால் பெண்பால் ஈறுகள் இரண்டையும் ஏற்றாக வேண்டும். திருப்பி மொழிபெயர்ப்பது இவற்றுள் பலவற்றைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 'ஃபத்தீக்கா' ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது தன் இரட்டைப் பொருளை மறைத்துக்கொண்டே திரும்பும்.

சொற்கள் அமைந்த பின்னரே எண்களுக்கு வேலை. கூற்றுகள் ஒன்றோடொன்று இயைகின்றனவா என்பதைக் குரோன்பாக் ஆல்ஃபா என்னும் கெழுவாலும், இடைவெளிவிட்டு மறுமுறை நிரப்பும்போது விடைகள் நிலைக்கின்றனவா என்பதை மறுசோதனையாலும் காண்பர். நோயுற்றோரையும் நலமானோரையும் பிரிக்கும் வரம்பெண்கள் மூல ஆய்வில் மூன்று பகுதிகளுக்கும் முறையே 24, 7, 7. இவை மொழி மாறும்போது தாமாகக் கூட வருவதில்லை. பிரேசிலின் போர்த்துக்கேய வடிவத்தில் இரு கூற்றுகள் விலகி 17 மட்டுமே எஞ்சின. மூலத்தின் மூன்று பகுதிகள் நான்காயின, பேச்சைத் தவிர்த்தல் தனிப் பகுதியாகப் பிரிந்து நின்றது.