கிறிஸ்துவையும் ஒரு பிள்ளையாக எண்ணுங்கள்



சொத்தில் தமக்குரிய பங்கைத் தரும்படி தம் சகோதரனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் இயேசுவிடம் கேட்டதை லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பாகம் பிரிக்கும் பொறுப்பை ஆண்டவர் ஏற்கவில்லை. பேராசையைக் குறித்தே எச்சரித்தார். சொத்துத் தகராறு நம் குடும்பங்களையும் இன்று பிரிக்கிறது. அப்படியிருக்க, உயிலில் ஆலயத்துக்கும் ஒரு பங்கு எழுதலாமா? எழுதினால் எப்படி எழுதுவது? திருச்சபையின் வரலாறு நமக்கு வழி காட்டுகிறது.

கி.பி. 321-இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன், இறக்கும் தறுவாயில் எவரும் திருச்சபைக்குச் சொத்து எழுதி வைக்கலாம் என்று சட்டம் தந்தார். ஐம்பது ஆண்டுகள் முடியுமுன்பே அந்த உரிமை தவறாகப் பயன்பட்டது. செல்வம் படைத்த கைம்பெண்களின் வீடுகளை நாடிச் சென்று உயில் எழுதி வாங்கிய குருக்களும் இருந்தார்கள். 370-இல் பேரரசர் வாலன்டீனியன் இதைத் தடைசெய்து, திருத்தந்தை தமாசுவுக்கே ஆணை அனுப்பினார். அந்தச் சட்டத்தைப் பற்றித் தமக்கு மனக்குறை இல்லை, அதற்கு நாமே இடம் கொடுத்துவிட்டோம் என்பதே வருத்தம் என்றார் புனித எரோணிமுஸ்.

ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தீனாரிடம் வாருங்கள். அவரோடு வாழ்ந்த ஜனுவாரியுஸ் என்ற குரு, தம் மகனையும் மகளையும் விலக்கிவிட்டு, சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்து இறந்தார். அகுஸ்தீனார் அதைத் தொட மறுத்துவிட்டார். பிள்ளைமேல் கோபம் கொண்டு ஆலயத்துக்கு எழுதுகிறவர், வாங்கிக்கொள்ள வேறு ஆளைத் தேடட்டும் என்று மக்கள் முன்னிலையில் அறிவித்தார். அப்படியானால் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம். ஒரு பிள்ளை இருந்தால் கிறிஸ்துவை இரண்டாவதாக எண்ணுங்கள். பத்துப் பேர் இருந்தால் பதினோராவதாக எண்ணுங்கள். அந்தப் பங்கை நான் மகிழ்வோடு ஏற்பேன் என்றார்.

கார்த்தேஜ் ஆயர் அவுரேலியுஸ் செய்ததையும் அவர் நினைவூட்டினார். பிள்ளை இல்லாத ஒருவர் எல்லாவற்றையும் திருச்சபைக்குக் கொடுத்தார். பிறகு அவருக்குப் பிள்ளைகள் பிறந்தனர். அவர் கேட்காமலே ஆயர் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தார்.

பிற்காலச் சட்டங்களிலும் இந்தக் கவலை தொடர்ந்தது. மரணப் படுக்கையில் நிலத்தைத் தர்மத்துக்கு எழுதுவதை இங்கிலாந்து 1736-இல் தடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் நம் நாட்டின் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு. உடன்பிறந்தாரின் பிள்ளையோ அதைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உயில் எழுதி, எழுதிய ஆறு மாதங்களுக்குள் அதைச் சட்டப்படி பாதுகாப்பில் ஒப்படைத்திருந்தால்தான் சமயப் பணிக்கோ தர்மத்துக்கோ சொத்து விடமுடியும். இந்தச் சுமை பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்மீதே விழுந்தது. கேரளக் குரு ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று நீக்கியது.

சட்டம் போட்ட வேலி இன்று இல்லை. ஆகவே நம் மனச்சான்றுதான் இனி வேலி. உடல்நலமும் தெளிந்த அறிவும் இருக்கும்போதே எழுதுங்கள். மனைவி மக்களிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். கடனையும், உங்களையே நம்பியிருப்பவர்களின் தேவையையும் முதலில் தீருங்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். பயன் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். எந்தப் பெயரில் எழுதுவது என்பதை மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் படுக்கையருகே வரும் குரு நற்கருணையோடும் நோயில்பூசுதலோடும் வரட்டும், பத்திரத்தோடு வரவேண்டாம்.

மகனைப் பழிவாங்க ஆலயத்துக்கு எழுதும் வீட்டைவிட, அந்த மகனோடு ஒப்புரவாவதே கடவுளுக்கு ஏற்ற காணிக்கை. நம் பிள்ளைகளின் பந்தியில் கிறிஸ்துவுக்கும் ஓர் இலை போடுவோம். யாருடைய இலையையும் பறித்து அவருக்குப் போட வேண்டாம். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.