வாழ்த்துச் சொல்லும் கம்பளிச் சட்டையும்

தங்கவயற் பெருமக்களுக்கு மார்கழிக் குளிரை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏறத்தாழ 2,800 அடி உயரத்திலுள்ள மாரிகுப்பத்தில் அம்மாதத்து விடியல் எத்தகையது என்பது யாவரும் அறிந்ததே. 'ஸ்வெட்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வியர்க்கச் செய்வது என்பதே முதற்பொருளாகும். மேலே கம்பளி போர்த்து நடுங்கிய நம் முன்னோர், சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பதினாயிரம் அடிக்குக் கீழே இறங்கியபோது, 60 பாகை செல்சியசைக் கடந்த பாறைச் சூட்டில் நின்றனர். அவர்க்கு வியர்க்கக் கம்பளி எதற்கு?

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குக் கால்கொண்டனர். அதன்பின் 'குட்டி இங்கிலாந்து' எனப் பெயர் பெற்ற இவ்வூரில், துரைமார் பங்களாக்களிலே கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் மலிந்தன. அவ்வாழ்த்தும் பூசலின்றிப் பிறந்ததன்று. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பார் அச்சிடுவித்த முதல் வாழ்த்து அட்டையில் குழந்தையும் மதுவருந்துவதுபோற் படம் வரையப்பட்டிருந்தது. மதுவிலக்காளர் சீறி எழுந்தனர்! இன்றும் மேலைநாட்டார் கலைமான் பின்னிய ஸ்வெட்டரை அணிந்து நகைத்துக்கொண்டே, 'கிறிஸ்துமஸ் வாழ்த்து' என்பதா, 'விடுமுறை வாழ்த்து' என்பதா என வழக்காடுகின்றனர்.

நம்மவர் வழக்கோ இதனினும் ஆழமானது. 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார் பண்டிதர் அயோத்திதாசர். அவர் தோற்றுவித்த பௌத்த சங்கத்தின் கிளை அதே ஆண்டில் மாரிகுப்பத்தில் வேர்விட்டது. தீபாவளி என்பது அசுரனைக் கொன்ற நாளன்று என்றார் பண்டிதர். எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்தர் கண்டறிந்தனர். மக்கள் அந்நெய்யைத் தேய்த்துத் தீபவதி ஆற்றில் நீராடினர். அந்நாளே பின்னர்த் திரிந்தது என்பது அவர் கொள்கை. வரலாற்றுச் சான்று கேட்போர் இதனை ஒப்பார். யாமும் சொல்லாராய்ச்சியளவில் ஐயுறுகின்றோம். ஆயினும், ஊரிலே தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்டு, வடஆர்க்காட்டினின்றும் பிற இடங்களினின்றும் இங்குக் குடியேறிய தொழிலாளிக்கு அவ்வுரை என்ன தந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தன் வழக்கத்தையும் விடவேண்டாம். கொலையை வாழ்த்தவும் வேண்டாம். பண்டிகை அவனுடையதே, கதை மட்டும் பிறர் கட்டியது. அயோத்திதாசர் 1914இல் மறைந்தபின், 1926இல் 'தமிழன்' இதழ் மீண்டும் இத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. அதனை நடத்தியவர் ஜி. அப்பாதுரையார்.

பின்னர்த் தந்தை பெரியாரின் இயக்கத்தார் தீபாவளியையே ஒதுக்கினர். பொங்கலே தமிழர் திருநாள் என்றனர். வாழ்த்து அட்டையில் கரும்பும் உதயசூரியனும் ஏறின. அங்கும் பூசல் ஓய்ந்தபாடில்லை. தைம் முதல்நாளே புத்தாண்டு எனத் தமிழ்நாட்டரசு 2008இல் சட்டமியற்றிற்று. 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. எல்லைக்கு இப்பால் வாழும் நமக்கோ உகாதியும் சேர்ந்துகொள்கிறது. சனவரி, தை, உகாதி, சித்திரை என ஆண்டிற்கு நான்கு புத்தாண்டு! எவரை எந்நாளில் வாழ்த்தினால் எவர் முகம் சுளிப்பார் என்பது தனிக்கலை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கின் ஒலிக்கு எழுந்த குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பெங்களூர் செல்லும் விடியற்கால ரயிலுக்கு எழுகின்றனர். மார்கழியில் மாரிகுப்பம் நிலையத்தில் நின்று பாருங்கள்: தீபாவளி கொண்டாடியவரும், கொண்டாடாதவரும், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியவரும் ஒரே பெட்டியில், ஸ்வெட்டரின் கழுத்தைக் காதுவரை இழுத்துவிட்டு, இடம்பிடிக்க முந்துகின்றனர்.