மத்தியஸ்தரின் கைக்கடிகாரம்

1999 மே 26ஆம் திகதி இரவு, கொழும்பில் ஒரு பத்திரிகையில் இரவுக் கடமையில் இருந்தேன். பார்சிலோனாவில் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. தொண்ணூறாவது நிமிடத்தில் பயேர்ன் மியூனிக் 1-0 என முன்னிலை. அவர்களது வெற்றியைத் தலைப்பாக எழுதியும் விட்டேன். உபாதையீடு நேரமாக வழங்கப்பட்ட மூன்று நிமிடங்களுக்குள் ஷெரிங்ஹாமும் சோல்ஷாரும் அடுத்தடுத்துக் கோலடிக்க, கிண்ணம் மன்செஸ்டர் யுனைட்டட் வசமானது. எனது தலைப்பு குப்பைக்கூடைக்குப் போனது.

இந்த மேலதிக நிமிடங்களின் வரலாறு சுவையானது. 1891இல் அஸ்டன் வில்லாவிடம் 1-0 எனப் பின்தங்கியிருந்த ஸ்டோக் அணிக்கு, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே இருக்கையில் பெனல்டி கிடைத்தது. வில்லாவின் பந்துக்காப்பாளர் பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்தார். அதனைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பெனல்டி உதைக்காக நேரத்தை நீடிக்கும் விதி இச்சம்பவத்தின் பின்னரே வந்தது என்பர். ஆக, வஞ்சனையைத் தடுக்கவே இந்நேரம் பிறந்தது.

ஆனால் அந்நேரத்தை அளப்பவர் ஒருவரே. 1978 உலகக் கிண்ணத்தில் பிரேசிலும் சுவீடனும் 1-1 எனச் சமநிலையில் இருந்தபோது, மூலையிலிருந்து உதைக்கப்பட்ட பந்து காற்றில் மிதக்கையிலேயே மத்தியஸ்தர் கிளைவ் தோமஸ் விசில் ஊதினார். சீக்கோ தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றும் கோலாகவில்லை.

2022 கட்டார் உலகக் கிண்ணத்தில், வீணான நேரம் முழுவதையும் ஈடுசெய்ய வேண்டுமென்று மத்தியஸ்தர் குழுத் தலைவர் கொலினா வலியுறுத்தினார். இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில், ஈரானியப் பந்துக்காப்பாளரின் தலைக்காயமும் சேர, இரு பாதிகளிலுமாகச் சுமார் 27 நிமிடங்கள் கூடின. 2023இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கும் அவ்வழியே சென்றது. களைத்த உடல்களுக்கு இது மேலும் சுமையென ரபேல் வரான் போன்ற வீரர்கள் குரலெழுப்பினர். 2024இல் அங்கு நடைமுறை ஓரளவு தளர்த்தப்பட்டது.

வீரர்களின் முறைப்பாட்டில் நியாயமுண்டு. எனினும், நேரத்தைக் குறைத்தால் இலாபம் காலத்தைக் கடத்துபவனுக்கே. கூடைப்பந்தாட்டத்தைப் போலப் பந்து நிற்கையில் கடிகாரத்தையும் நிறுத்தி, அதனை எல்லோரும் காணச் செய்வதே நேர்மையான வழி என்பது எனது எண்ணம். பலகையில் காட்டப்படும் இலக்கம்கூடக் குறைந்தபட்ச அளவே. மிகுதி இன்றும் மத்தியஸ்தரின் மணிக்கட்டிலேயே இருக்கிறது.