இதயப்புழுவும் கொசுவும்: ஓர் உண்மை வெளிப்பட்ட வரலாறு



பினாங்கில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நாய் வளர்கிறது. அந்நாய் ஓயாது இருமினாலோ, சிறிது ஓடியதும் களைத்துப் படுத்தாலோ, தொற்றுநோய் என்றஞ்சிப் பிள்ளைகளை விலக்குகிறோம். நாயையே தெருவில் விட்டுவிடுவோரும் உளர். இவ்வறிகுறிகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றான இதயப்புழு நோய், நாயைத் தொடுவதால் பரவுவதன்று; கொசுக்கடியால் பரவுவது. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாயின் இதயத்தில் வாழும் இப்புழுவுக்கு 1856-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோசப் லெய்டி அறிவியற்பெயர் சூட்டினார். ஆயினும் அது உடலினுள் புகும் வழி விளங்கவில்லை. விடை, மனிதரைத் தாக்கும் யானைக்கால் நோய் ஆய்விலிருந்து கிட்டியது. 1872-இல் கல்கத்தாவில் திமொத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனத்து அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். எனினும், கொசு இறந்து விழுந்த நீரைப் பருகுவதாலேயே நோய் வருகிறது என அவர் கருதினார். நாயின் இதயப்புழு கொசுவின் கடிவாய் வழியே பரவுகிறது என்பதை 1900-இல் இத்தாலியரான கிராசியும் நோயேயும் காட்டினர். பாதி உண்மை முழு உண்மையாக 23 ஆண்டுகள் ஆயின!

அக்காலத்தில் பினாங்கும் கொசுவால் துன்புற்றது. மலேசியாவில் டெங்கி பற்றிய முதற்பதிவு, 1901-1902-இல் இங்குப் பரவிய காய்ச்சலைப் பற்றியதே. இரத்தக்கசிவு டெங்கியும் 1962-இல் இங்கேதான் முதன்முதலாகப் பதிவாயிற்று.

நோயுற்ற நாயின் குருதியைக் குடித்த கொசுவினுள் நுண்புழுக்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. அக்கொசு மற்றொரு நாயைக் கடிக்கும்போது உட்புகுந்து, ஆறேழு மாதங்களில் முதிர்கின்றன. பெண்புழு 30 சென்டிமீட்டர் வரை நீளும்; 5 முதல் 7 ஆண்டுகள் வாழும். இதயத்தின் வலப்பக்கத்தையும் நுரையீரலுக்குச் செல்லும் குழாய்களையும் அடைத்து, உயிரையே பறிக்கும்.

தடுப்பு மருந்தின் வரலாறும் சுவையானது. சப்பானில் சத்தோஷி ஓமுரா சேகரித்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து, வில்லியம் கேம்பல் குழுவினர் ஐவர்மெக்டினை உருவாக்கினர். 1987-இல் அது அமெரிக்காவில் நாய்களுக்கான மாதாந்தரத் தடுப்பு மருந்தாயிற்று. அவ்விருவரும் 2015-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பெற்றோர் கவனத்திற்குச் சில:

1. நம் நாட்டில் குளிர்காலமில்லை. கொசு ஆண்டு முழுவதும் உண்டு. ஆகவே தடுப்பு மருந்தை எம்மாதமும் விடலாகாது.
2. வளர்ந்த நாய்க்கு முதலில் இரத்தப் பரிசோதனை தேவை. கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படியே மருந்து தருக. மனிதருக்கோ மாட்டுக்கோ உரிய மருந்தைத் தருதல் பேராபத்து.
3. முதிர்ந்த புழுக்களை அழிக்கும் சிகிச்சை கடினமானது. ஊசிமருந்தும் பல மாத ஓய்வும் வேண்டும்.
4. பூச்சாடித் தட்டிலும் பழைய டயரிலும் நீர் தேங்கவிடாதீர்.

டெங்கியைத் தடுக்க நம் மாணவர்கள் பள்ளி வளாகத்தில் தேங்கிய நீரைக் கொட்டுகின்றனர். அச்செயல் நாயையும் காக்கும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். வீட்டு நாய் இருமினால், அதைத் துரத்துவதற்கு மாறாக மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பிள்ளைகள் நம்மைப் பார்த்தே இரக்கத்தைக் கற்கின்றனர்.