லயன் வீடுகளில் நில ஈரத் தடுப்பு

பூமியினின்று தரைக்கும் சுவருக்கும் ஏறும் ஈரத்தை விலக்கும் கட்டட முறை. இலங்கையின் மிகு மழைப் பிரதேசங்களுள் ஒன்றாகிய கினிகத்தேனை, வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பெய்ய, அதிற் பெரும்பங்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் வருவதாகலின், இங்கு இது சௌகரியத்தைவிட ஆரோக்கியத்தைச் சார்ந்த விஷயமாகும்.

பலகைத் தளமிட்ட பழைய தோட்டத் துரை பங்களாக்களில் தளத்தின்கீழ்க் காற்று உலவ இடைவெளி விடுவதுண்டு. தோட்டத் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட பிரித்தானியர் காலத்து லயன்களிலோ, சரிவை வெட்டிச் சமன்செய்த நிலத்தின்மீதே சுவரெழுப்பப்பட்டமையால், மண்ணீர் நுண்துளைகளின் வழியே மேலேறி, சுண்ணாம்புப் பூச்சை உப்புப் பூத்து உதிரச் செய்கிறது. லயன் அறையாகிய காம்பராவின் பின்சுவரில் முழங்காலளவுக்குக் கறுத்துப் படரும் பூஞ்சணமும், காலையில் பாயைச் சுருட்டும்போது அடியில் தட்டுப்படும் குளிர்ந்த நசநசப்பும் அதன் பிரத்தியட்ச அடையாளங்கள்.

பரிகாரங்களுள் முதன்மையானது, வீட்டின் பின்புறம் தரைமட்டத்திற்குக் கீழாகக் கான் வெட்டி மேட்டு நீரைத் திருப்பிவிடுதல். இஃதின்றிப் பூசும் சீமெந்து ஈரத்தைச் சுவருக்குள்ளேயே தேக்கிவிடுமாதலால் வீண் செலவே. புதுக் கட்டடங்களில் அத்திவாரத்தின்மேல் தார் பூசிய ஈரத்தடைப் படையும், தரைக்கடியில் தடித்த பொலித்தீன் விரிப்பும் இடுவர். தாம் வாழும் காணி தமக்கு உரித்தில்லாத குடும்பங்கள் அத்திவாரத்தைத் திருத்தச் செலவிடுமென எதிர்பார்த்தல் நியாயமன்று. பழைய லயன்களில் அக்கடமை தோட்ட நிர்வாகத்தையே சாரும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் சரிவின் அடியைத் தோண்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.