சிங்கனும் சிங்கியும் யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. குற்றாலத்தில் சாரல் விழும் நேரம், சுக்குக் காப்பியோடு பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். வேலையை விட்டுவிட்டான். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் மாதிரி, கடைசல் மரத்தில் அரக்கு வண்ணம் பூசி, குறவஞ்சி பொம்மைகள் செய்யப் போகிறானாம். சிங்கன், சிங்கி, வசந்தவல்லி, கூடவே நம் ஊர்க் குரங்கு ஒன்று. ஆண்டுக்கு இரண்டு பொம்மை புதிதாகச் சேரும். வாங்குகிறவர்கள் சேர்த்து வைக்கலாம். "குற்றாலக் குறவஞ்சின்னு பேரைப் பதிஞ்சிரலாமா சார்? நாளைக்கு எவனாவது நம்ம மேல கேஸ் போட்டா என்ன செய்ய?" என்று கேட்டான். சேமிப்பு முழுவதையும் போடப் போகிறவனுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களிலும் கொலு பொம்மையும் கைவினைப் பொருளும் விற்கிறவர்கள் இருக்கிறீர்கள்.

முதலில் தஞ்சாவூர் பொம்மை. ஈர்ப்பு மையம் நடத்தும்போது மேசையில் வைத்துத் தட்டுவேனே, அதே பொம்மைதான். அடிப்பாகம் அரைக்கோளம், கனம் எல்லாம் அங்கே. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். ஜப்பானில் தருமா, ரஷ்யாவில் நெவல்யாஷ்கா என்று இதே வித்தை வேறு முகங்களோடு இருக்கிறது. இந்த ஆட்டத்தை யாரும் தனக்கென்று பூட்டி வைக்க முடியாது. வேலை நடப்பதற்குத் தேவையான வடிவத்தை வணிகக்குறியாகப் பதிய நம் சட்டம் இடம் தருவதில்லை. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் லெகோ கட்டையின் வடிவத்துக்கு இதே காரணத்தால்தான் வணிகக்குறி மறுத்தது. ஆனால் லெகோவின் குட்டி மனித உருவத்துக்கு 2015இல் உரிமை நிலைத்தது. கட்டையின் வடிவம் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக. குட்டி மனிதனின் வடிவம் அடையாளத்துக்காக.

அப்படியானால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு என்ன மிச்சம்? பெயர். 2008-09இல் தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கான அலுவலகம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. வணிகக்குறிச் சட்டம், புவிசார் குறியீட்டுச் சட்டம் இரண்டும் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தவை. குணம் மட்டும் வேறு. வணிகக்குறி ஒருவரின் சொத்து, விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம். புவிசார் குறியீடு ஓர் ஊரின் உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் உரியது. விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. வேறு ஊரில் ஆடும் பொம்மை செய்யலாம், அதைத் தஞ்சாவூர் பொம்மை என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் இவனிடம், தென்காசியில் செய்துவிட்டுப் பெட்டியில் "அம்பாசமுத்திரம்" என்று போடாதே என்று சொன்னேன்.

அடுத்து குறவஞ்சி. அதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்துக்காரர், 18ஆம் நூற்றாண்டு. மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்து ராயல்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு அன்றே தீர்ந்தது. இன்று சிங்கனும் சிங்கியும் ஊர்ச்சொத்து. இவன் பொம்மை செய்தால் யாரும் தடுக்க முடியாது, நாளை இன்னொருவன் செய்தால் இவனும் தடுக்க முடியாது. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைப் பதியக் கேட்ட வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்றது. குறவஞ்சி புனித நூல் வரிசையில் வராது என்றாலும், குற்றாலம் என்பது ஊர்ப்பெயர்; ஊர்ப்பெயரை அப்படியே ஒருவருக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். குற்றாலம் வட்டாரத்தில் "பார்டர்" என்று எத்தனை பரோட்டாக் கடைப் பலகைகள் தொங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

டெடி பேர் கதையும் இதுதான். 1902இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு கரடியைச் சுட மறுத்ததைக் கேலிச்சித்திரமாகப் போட்டார்கள். அதைப் பார்த்து நியூயார்க் கடைக்காரர் மிச்டம் "டெடி" கரடி செய்தார். பெயர் பரவிப் பரவி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் கெட்டிக்காரத்தனமாக 1904 முதல் தன் பொம்மைகளின் காதில் ஒரு பொத்தானைக் குத்தியது. கரடி யாருடையதாகவும் இருக்கட்டும், பொத்தான் எங்களுடையது. நம் பையனுக்கும் அதுதான் வழி: தானே உண்டாக்கிய ஒரு சொல், ஒரு சின்ன முத்திரை, பொம்மையின் அடியில். பொம்மைக்கு 28ஆம் வகுப்பு, அலங்கார மரச்சிலைக்கு 20, மண் சிலைக்கு 21 என்று வணிகக்குறிப் பதிவில் பிரிவுகள் உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் எத்தனை காலமும் நிலைக்கும்.

அவனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. சிங்கனுக்கு ஒரு சினிமா நடிகரின் முகஜாடை கொடுத்தால் பிய்த்துக்கொண்டு போகுமாம். "வேண்டாம்டே" என்றேன். பஞ்சாபிப் பாடகர் தலேர் மெஹந்தியைப் போலவே இருந்து அவர் பாட்டையும் பாடிய பொம்மைகளை டெல்லிக் கடைகள் விற்றன. அவருடைய நிறுவனம் வழக்குப் போட்டது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்து, 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்த் வழக்கில், ஓர் இந்திப் படம் அவர் பெயரையும் பாணியையும் பயன்படுத்தக் கூடாது என்றது. பெயர் போடாவிட்டாலும், பார்த்தவுடன் இன்னார் என்று தெரிந்தால் வம்புதான்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. அவன் வரைந்திருக்கும் சிங்கியின் மூக்கு, கூடை, நிற்கிற ஒயில் எல்லாம் அவன் கற்பனை. அதற்கு உரிமை உண்டு. ஆனால் பதிப்புரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் எடுத்துவிட்டால் அந்தப் பதிப்புரிமை போய்விடும். வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவம் ஊருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. கடையில் வைத்தாலும், ஃபேஸ்புக்கில் போட்டாலும் தெரிந்ததாகத்தான் கணக்கு.

மாதிரிக்கு நான்கு பொம்மைகள் என் மேசையில் நிற்கின்றன. குரங்கு பிரமாதம். விண்ணப்பம் போய்ச் சேரட்டும், பிறகு படம் போடுகிறேன்.